இரண்டு போனாலும் ஒன்று வந்தால் போதும்: பிரிட்டிஷ் கட்சிகளின் நடுப்பாதைக் கணக்கு

2019 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிலாளர் கட்சி வாங்கிய வாக்குகள் ஒரு கோடியே இரண்டு லட்சத்துக்கு மேல். கிடைத்த இடங்கள் 202. 2024 ஜூலையில் கியர் ஸ்டார்மர் தலைமையில் அதே கட்சி வாங்கிய வாக்குகள் சுமார் 97 லட்சம். கிடைத்த இடங்கள் 411. ஐந்து லட்சத்துக்கு மேல் வாக்கு குறைந்திருக்கிறது, இடம் இரட்டிப்பாகியிருக்கிறது. முன்னதைக் கட்சியின் 1935க்குப் பிந்தைய மோசமான தோல்வி என்றார்கள், பின்னதை வரலாற்று வெற்றி என்றார்கள்.

பிரிட்டிஷ் அரசியலில் ‘நடுவுக்கு வருவது’ என்று ஓயாமல் பேசப்படும் விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குவதே நல்லது. எத்தனை வாக்கு என்பதைவிட யாருடைய வாக்கு, எந்தத் தொகுதியில், யாரிடமிருந்து பிடுங்கிய வாக்கு என்பதுதான் அங்கே ஆட்சியைத் தீர்மானிக்கிறது.

ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். கற்பனைத் தொகுதிதான், ஆனால் அளவு நிஜத்துக்கு ஒட்டியது. பதிவான வாக்கு 45,000. ஆளும் கட்சிக்கு 20,000, எதிர்க்கட்சிக்கு 17,000, மற்றவர்களுக்கு 8,000. வித்தியாசம் 3,000. எதிர்க்கட்சி இந்த இடத்தைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. வாக்குச்சாவடிப் பக்கமே வராத 3,001 பேரை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவரலாம். அல்லது ஆளும் கட்சிக்குப் போட்டவர்களில் 1,501 பேரை மனம் மாற வைக்கலாம். மாறுகிறவர் அங்கே ஒன்றைக் குறைத்து இங்கே ஒன்றைக் கூட்டுகிறார். அவருடைய ஒரு வாக்குக்கு இரண்டு வாக்கின் எடை.

இப்போது செலவுப் பக்கம். எதிராளியின் ஆட்களைக் கவரக் கட்சி கொஞ்சம் நகர்ந்ததில் பழைய விசுவாசிகள் 1,000 பேர் கோபித்துக்கொண்டு வேறொரு சிறிய கட்சிக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். அதை ஈடுகட்டக் கூடுதலாக எத்தனை பேர் மாற வேண்டும்? 1,000 அல்ல, 500தான். 1,501க்குப் பதில் 2,001 பேர் வந்தால் போதும். சொந்த ஆட்கள் இருவர் விட்டுப் போனாலும், எதிர் அணியிலிருந்து ஒருவர் வந்தால் கணக்கு நேராகிவிடும். கட்சித் தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் தங்கள் தீவிர ஆதரவாளர்களை இவ்வளவு அலட்சியமாக நடத்துகிறார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடையாது. அதிலும் அந்தத் தீவிர ஆதரவாளர்கள் பெரும்பாலும் 15,000, 20,000 வித்தியாசத்தில் ஜெயிக்கும் கோட்டைத் தொகுதிகளில் குவிந்திருப்பார்கள். அங்கே 5,000 வாக்கு போனாலும் இடம் போகாது.

நம் ஊர் வாசகருக்கு இந்தத் தேர்தல் முறை புதிதல்ல, ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார் என்ற இதே முறைதான் இந்தியாவிலும். ஆனால் தமிழ்நாட்டில் இதே கணக்கைக் கட்சிகள் கூட்டணியால் சரிக்கட்டுகின்றன: ஐந்து சதவீதம் வைத்திருப்பவருக்கு நாலு தொகுதி ஒதுக்கினால் முடிந்தது. பிரிட்டனில் தேர்தலுக்கு முன் தொகுதிப் பங்கீடு செய்துகொள்ளும் பழக்கம் ஏறக்குறைய கிடையாது. வாக்கு வேண்டுமென்றால் கட்சியே தன் கொள்கையோடு நகர்ந்தாக வேண்டும்.

எங்கே நகர்வது என்பதுதான் அடுத்த கேள்வி. நடு என்பது அளந்து கல் நட்டு வைத்த இடமல்ல. முந்தைய வெற்றியாளர் எங்கே நின்று ஆண்டாரோ அதையொட்டித்தான் நடு அமையும். 1945இல் கிளெமென்ட் அட்லீயின் தொழிலாளர் கட்சி 393 இடங்களோடு ஆட்சிக்கு வந்து நிலக்கரி, ரயில்வே, பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஆகியவற்றை அரசுடைமையாக்கி, 1948இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. தோற்ற கன்சர்வேடிவ் கட்சி என்ன செய்தது? ராப் பட்லர் தலைமையில் ஒரு குழு போட்டு, 1947இல் தொழில் சாசனம் என்ற ஆவணத்தை வெளியிட்டது. நிலக்கரி, ரயில்வே, பாங்க் மூன்றும் அரசிடமே இருக்கட்டும் என்று அதில் ஒப்புக்கொண்டது. 1950 மாநாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் வீடு கட்டுவோம் என்ற வாக்குறுதியையும் சேர்த்துக்கொண்டது. 1951இல் தொழிலாளர் கட்சியைவிடக் குறைந்த வாக்கு வாங்கியும் 321 இடங்களோடு சர்ச்சில் ஆட்சியைப் பிடித்தார். வீட்டுவசதி அமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன் 1953இல் அந்த 3 லட்சத்தை எட்டியும் காட்டினார். இரண்டு கட்சிகளின் பொருளாதாரக் கொள்கையும் அவ்வளவு ஒட்டிப்போனதால், பட்லர் பெயரையும் தொழிலாளர் கட்சியின் ஹியூ கெய்ட்ஸ்கெல் பெயரையும் ஒட்டி ‘பட்ஸ்கெலிசம்’ என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன.

அன்று வலதுசாரிகள் அட்லீ போட்ட நடுவுக்கு வந்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து இடதுசாரிகள் மார்கரெட் தாட்சர் போட்ட நடுவுக்கு வந்தார்கள். இதில் தாட்சரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் நடுவைத் தேடிப் போனவரல்ல. அரசுக் குடியிருப்புகளை வாடகைதாரருக்கே தள்ளுபடி விலையில் விற்கும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவற்றால் வாக்காளரின் சொத்து நிலையையே மாற்றி, நடுவைத் தன் பக்கம் இழுத்தவர். ஆனால் அது ஆட்சியில் உட்கார்ந்தவருக்குத்தான் சாத்தியம். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து யாரும் நடுவை இழுத்ததில்லை. தாட்சரின் 1979 தேர்தல் அறிக்கையே கூட அவர் பின்னால் செய்தவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானதுதான்.

தோற்ற கட்சி உடனே புத்தி வந்து நடுவுக்கு நகர்ந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முதல் தோல்விக்குப் பிறகு கட்சி பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் ஓடும். ‘நாம் போதுமான அளவு நாமாக இல்லாததால்தான் தோற்றோம்’ என்று சொல்லும் ஒரு குரல் எல்லாக் கட்சியிலும் உண்டு, முதல் தோல்விக்குப் பிறகு அந்தக் குரல்தான் ஓங்கும்.

1979இல் தோற்ற தொழிலாளர் கட்சி அதைத்தான் செய்தது. அதுவரை எம்.பி.க்கள் மட்டுமே தலைவரைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 1981 ஜனவரியில் வெம்ப்ளியில் கூடிய சிறப்பு மாநாடு அந்த உரிமையைப் பிரித்துத் தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 என்று பங்கிட்டது. மறுநாளே கட்சியின் நடுப்போக்கு மூத்தவர்களான ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், பில் ராட்ஜர்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் பிரிந்துபோவதற்கு முன்னோட்டமாக லைம்ஹவுஸ் பிரகடனத்தை வெளியிட்டார்கள். இரண்டே மாதத்தில் சமூக ஜனநாயகக் கட்சி என்று தனிக்கடை போட்டுவிட்டார்கள். 1983 தேர்தலில் ஒருதலைப்பட்ச அணு ஆயுத ஒழிப்பு, ஐரோப்பிய சமூகத்திலிருந்து வெளியேறுவது, பிரபுக்கள் சபையைக் கலைப்பது என்று தொழிலாளர் கட்சி அறிக்கை விட்டது. ‘வரலாற்றிலேயே மிக நீளமான தற்கொலைக் கடிதம்’ என்று அதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அந்தக் கட்சியின் ஜெரால்ட் காஃப்மன். முடிவு: 27.6 சதவீதம், 209 இடம். லிபரல்களோடு சேர்ந்து நின்ற புதிய கட்சியின் அணிக்கு 25.4 சதவீதம், ஆனால் 23 இடம்தான். வெறும் 2.2 சதவீத வித்தியாசத்துக்கு 186 இட வித்தியாசம். நடுவில் தனிக் கட்சியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். நடுவுக்கு வந்து லாபம் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கட்சியாக இருந்துகொண்டு வர வேண்டும்.

அடுத்த 14 ஆண்டுகளில் அந்தக் கட்சி நகர்ந்த விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு தலைவர் மேடையில் நின்று ‘மாறிவிட்டோம்’ என்று சொல்வது போன்ற காரியமல்ல அது. மூன்று தலைவர்களின் தோளில் ஏறி நடந்தது.

1983இல் தலைவரான நீல் கின்னக்கின் வேலை, கட்சிக்குள் இருந்த கட்சியை வெளியேற்றுவது. மிலிட்டன்ட் என்ற டிராட்ஸ்கியவாதக் குழு லிவர்பூல் நகராட்சியைக் கையில் வைத்திருந்தது. 1985 போர்ன்மவுத் மாநாட்டில், தொழிலாளர் கட்சி நிர்வாகமே டாக்ஸி அமர்த்தி ஊரெல்லாம் ஓடி சொந்த ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்த கூத்தைச் சொல்லி அவர்களைக் கிழித்தார். மேடையிலிருந்த லிவர்பூல் எம்.பி. எரிக் ஹெஃபர் எழுந்து வெளியேறினார். தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்தது. அடுத்த ஆண்டு செங்கொடிச் சின்னம் போய் சிவப்பு ரோஜா வந்தது. 1987 தோல்விக்குப் பிறகு இரண்டாண்டு கொள்கை மறுஆய்வு நடத்தி, 1989இல் ஒருதலைப்பட்ச ஆயுத ஒழிப்பைக் கைவிட்டார்கள்.

ஆனாலும் 1992இல் கின்னக் தோற்றார். கட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜான் ஸ்மித், ஆட்சிக்கு வந்தால் இப்படிச் செய்வோம் என்று முன்வைத்த நிழல் பட்ஜெட்டில் மேல்தட்டு வருமான வரியை 50 சதவீதமாக்கும் யோசனை இருந்தது. தொழிலாளர் கட்சியின் வரித் திட்டங்களைக் கன்சர்வேடிவ்கள் ‘வரி குண்டு’ என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். அணு ஆயுத எதிர்ப்பாளராகவே அரசியலில் வளர்ந்த கின்னக் அதை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது நம்பியவர்களும் குறைவு. பழைய பேச்சு துரத்திக்கொண்டிருக்கும் ஒருவர் தலைமையில் நகர்வு பாதி தூரம்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், அந்த 1983 ‘தற்கொலைக் கடித’த்தின் மேல் நின்று செட்ஜ்ஃபீல்டில் ஜெயித்து முதன்முறை நாடாளுமன்றம் போனவர்களில் டோனி பிளேரும் ஒருவர். அன்று அவர் யாரென்று நாட்டுக்குத் தெரியாது. அதுவே அவருக்கு வசதியாகப் போனது.

கின்னக்குக்குப் பின் தலைவரான ஸ்மித் 1993இல் தொழிற்சங்கங்களின் மொத்த வாக்குப் பிடியைத் தளர்த்தினார். அடுத்த ஆண்டு அவர் மாரடைப்பில் இறந்துபோக, பிளேர் தலைவரானார். 1994 அக்டோபர் பிளாக்பூல் மாநாட்டு உரையின் முடிவில் கட்சியின் நோக்கங்களைச் சொல்லும் புதிய வாசகம் வேண்டும் என்றார். விதி எண்ணை அவர் உச்சரிக்கவில்லை. அது நான்காம் விதி என்று பலருக்கு உறைக்கவே சற்று நேரமானது. உற்பத்தி, விநியோகம், பரிமாற்றம் ஆகியவற்றின் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று சிட்னி வெப் எழுதி 1918இல் கட்சி ஏற்றுக்கொண்ட வரி அது. உறுப்பினர் அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கும். 1959இல் கெய்ட்ஸ்கெல் அதைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்.

நடைமுறையில் அந்த விதியால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. எந்தத் தொழிலாளர் கட்சி அரசும் மூலைக்கடையை அரசுடைமையாக்கப் புறப்பட்டதில்லை. அப்புறம் ஏன் தொட்டார்? நகர்வதை வாக்காளர் நம்ப வேண்டுமென்றால் அதற்குக் கட்சிக்குள் ஒரு விலை கொடுத்தாக வேண்டும், அதைக் கண்ணெதிரே கொடுக்க வேண்டும். அதற்குத்தான். அதே மாநாடு இரண்டு நாள் கழித்துப் பழைய விதியை நூலிழையில் ஆதரித்துத் தீர்மானம் போட்டது, பிளேர் பொருட்படுத்தவில்லை. ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் உறுப்பினர்களிடம் நேரடியாகப் பேசினார். 1995 ஏப்ரல் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மெதடிஸ்ட் சென்ட்ரல் ஹாலில் கூடிய சிறப்பு மாநாட்டில் சுமார் 65 சதவீத ஆதரவோடு புதிய விதி நிறைவேறியது. தொகுதிக் கட்சிகளின் பக்கம் 90 சதவீதம் ஆதரவு. தொழிற்சங்கங்கள் பக்கம் பாதியைச் சற்றே தாண்டியது. பெரிய சங்கங்களான போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் யூனிசனும் எதிர்த்தன. சாதாரண உறுப்பினரைக் கேட்டால் ஒரு பதில், நிர்வாகியைக் கேட்டால் வேறு பதில் என்பதைப் பிளேர் சரியாகவே கணித்திருந்தார்.

இரண்டாவது வேலை பணம். 1997 ஜனவரியில் கட்சியின் நிதிப் பொறுப்பாளர் கார்டன் பிரவுன் இரண்டு உறுதி கொடுத்தார்: வருமான வரி விகிதங்களை ஏற்ற மாட்டோம், கன்சர்வேடிவ் அரசு போட்டு வைத்திருக்கும் செலவு வரம்பை முதல் இரண்டாண்டும் அப்படியே பின்பற்றுவோம். ‘வரி குண்டு’ சுவரொட்டி அடிக்க இனி இடமே இல்லை. மூன்றாவது, பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் ஓர் அட்டை. அதில் ஐந்தே வாக்குறுதி. 5, 6, 7 வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், அதற்கான பணம் தனியார் பள்ளிக்கு அரசு கட்டணம் கட்டிவந்த திட்டத்தை நிறுத்துவதிலிருந்து வரும். 25 வயதுக்குட்பட்ட 2.5 லட்சம் பேரை உதவித்தொகையிலிருந்து வேலைக்கு மாற்றுவோம், அதற்கான பணம் தனியார்மயமான மின்சார, தண்ணீர் நிறுவனங்களின் மீதான ஒருமுறை வரியிலிருந்து வரும். நிர்வாகச் செலவில் 10 கோடி பவுண்டு மிச்சம் பிடித்துக் கூடுதலாக ஒரு லட்சம் நோயாளிகளுக்குச் சிகிச்சை. இப்படி வாக்குறுதியோடு பணம் எங்கிருந்து என்பதையும் பக்கத்திலேயே எழுதியதுதான் அந்த அட்டையின் கெட்டிக்காரத்தனம். அளவில் எல்லாமே சின்னவை. மறுக்க முடியாத அளவுக்குச் சின்னவை.

யாரை நினைத்து இதையெல்லாம் செய்தார்கள் என்பதையும் பிளேரே சொல்லியிருக்கிறார். 1996 மாநாட்டு உரையில், முந்தைய தேர்தலின்போது மிட்லண்ட்ஸ் பகுதியில் தன் ஃபோர்டு சியரா காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைச் சந்தித்ததாகக் குறிப்பிட்டார். சொந்தமாகத் தொழில் செய்யும் எலக்ட்ரீசியன். அப்பா தொழிலாளர் கட்சிக்குப் போட்டவர், இவரும் போட்டவர். வீடு வாங்கி, தொழில் அமைந்து, வசதி வந்த பிறகு கன்சர்வேடிவ் ஆகிவிட்டார். முன்னேறுகிறவனுக்கு இந்தக் கட்சி எதிரி என்று அந்த மனிதர் நினைத்துவிட்டதில்தான் தோல்வியின் வேர் என்றார் பிளேர். பத்திரிகைகள் ஃபோர்டின் இன்னொரு காரின் பெயரால் அவரை ‘மாண்டியோ மனிதர்’ ஆக்கிவிட்டன, ஓட்டியது சியராவாக இருந்தாலும். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் இப்படி ஒருவருக்குப் பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது: ‘வோர்செஸ்டர் பெண்’, ‘வொர்க்கிங்டன் ஆண்’, ‘ஸ்டீவனேஜ் பெண்’. மேலே சொன்ன 1,501 பேரில் ஒருவருக்கு முகம் வரைந்து பார்ப்பதுதான் இது.

1997 மே மாதம் 418 இடம். ஆனால் பிளேர் வாங்கிய 1.35 கோடி வாக்கு, ஐந்தாண்டுக்கு முன் கன்சர்வேடிவ் தலைவர் ஜான் மேஜர் வாங்கிய 1.41 கோடியைவிடக் குறைவு. மேஜருக்குக் கிடைத்தது 336 இடம். வாக்கு விழுந்த இடம் அப்படி. விலையும் சீக்கிரமே வந்தது. கன்சர்வேடிவ்களின் செலவு வரம்பைக் காப்பாற்றுவதற்காகத் தனித்து வாழும் பெற்றோருக்கான உதவித்தொகையில் கைவைக்க வேண்டியிருந்தது. 1997 டிசம்பரில் 47 தொழிலாளர் கட்சி எம்.பி.க்கள் தங்கள் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். கன்சர்வேடிவ்களும் முதல் தோல்விக்குப் பிறகு கொஞ்சம் நகர்ந்து பார்த்தார்கள். 1999 ஏப்ரலில் துணைத் தலைவர் பீட்டர் லில்லி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைமுறை ஓரளவுக்கு மேல் பொருந்தாது என்ற பொருளில் ஓர் உரை நிகழ்த்தினார். கட்சி கொதித்தது, ஜூனில் அவர் பதவி போனது. அதே ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஐரோப்பிய எதிர்ப்பை முன்வைத்துக் கட்சி முதலிடம் பிடித்தது. வாக்களித்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. வந்து போட்டவர்களில் தீவிரமானவர்களே அதிகம் என்பதைக் கவனிக்காமல், கட்சித் தலைவர் வில்லியம் ஹேக் இதுதான் வழி என்று நம்பிவிட்டார். 2001இல் யூரோ நாணயத்தை எதிர்த்து ‘பவுண்டைக் காப்பாற்றுவோம்’ என்று ஊர் ஊராகப் போனார். நான்காண்டு உழைப்பின் பலன்: கூடுதலாக ஒரே ஒரு இடம். குறைந்த வாக்குப்பதிவுத் தேர்தலில் கிடைக்கும் வெற்றியைப் பொதுத்தேர்தலுக்கு முன்னோட்டமாக எடுத்துக்கொள்வது எதிர்க்கட்சிகள் திரும்பத் திரும்ப விழும் குழி.

இதில் கட்சி விதிகளுக்கும் பங்குண்டு. ஹேக் கொண்டுவந்த முறைப்படி எம்.பி.க்கள் இருவரை வடிகட்டித் தருவார்கள், கட்சி உறுப்பினர்கள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2001இல் நாடறிந்த, நடுப்போக்கான கென்னத் கிளார்க்கை விட்டு இயன் டங்கன் ஸ்மித்தை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே ஆண்டில் எம்.பி.க்கள் அவரை இறக்கினார்கள். 2022இல் ரிஷி சுனக்கை விட்டு லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், 49 நாளில் கதை முடிந்தது. தொழிலாளர் கட்சியில் 2015இல் தீவிர இடதுசாரியான கோர்பின் தலைமைக்குப் போட்டியிட 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டியிருந்தது. போட்டி களைகட்டட்டும் என்று அவரை ஆதரிக்காதவர்களே சிலர் கையெழுத்திட, 36 கிடைத்தது. உறுப்பினர்களும் பதிவுசெய்த ஆதரவாளர்களுமாகப் போட்ட வாக்கில் கிட்டத்தட்ட 60 சதவீதம் அவருக்கே போனது. தலைவராவதற்கு ஒரு கூட்டத்தையும் பிரதமராவதற்கு வேறொரு கூட்டத்தையும் மகிழ்விக்க வேண்டியிருப்பதுதான் இந்த நாடகத்தின் மூலச் சிக்கல்.

மூன்று தோல்விக்குப் பிறகு 2005 டிசம்பரில் கன்சர்வேடிவ் தலைவராக வந்த டேவிட் கேமரன் பிளேரின் பாடத்தை வரி வரியாகப் படித்தவர். தீப்பந்தச் சின்னத்தை மாற்றி ஓக் மரம் வைத்தார். சுற்றுச்சூழல் அக்கறையைக் காட்ட ஆர்க்டிக் தீவான ஸ்வால்பார்டுக்குப் போய்ப் பனிநாய் வண்டியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். 2007இல் அவருடைய நிதிப் பொறுப்பாளர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தொழிலாளர் அரசின் செலவுத் திட்டங்களைப் பின்பற்றுவோம் என்றார், பிரவுன் பத்தாண்டுக்கு முன் சொன்னதன் கண்ணாடிப் பிம்பம். 2008 நிதி நெருக்கடி வந்ததும் அதை உதறிவிட்டார்கள். கேமரனுக்கு நான்காம் விதி மாதிரியான மோதல் வாய்க்கவில்லை. படங்கள் மாறின அளவுக்குக் கட்சி மாறவில்லை. 2010இல் 306 இடம், பெரும்பான்மைக்கு 20 குறைவு. நிஜ மோதல் ஆட்சிக்கு வந்த பிறகு வந்தது. 2013 பிப்ரவரியில் ஒருபாலினத் திருமண மசோதாவுக்கு அவர் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். வலப்பக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரும் யூகிப் கட்சி வளர்ந்தது. அதை அடைக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துவதாக அந்த ஜனவரியில் வாக்குக் கொடுத்திருந்தார். நடுவுக்குப் போனதற்கு அவர் கட்டிய வட்டி பிரெக்ஸிட் என்பேன்.

அதன் பிறகு நடு என்பது ஒரே கோட்டில் இல்லை. பொருளாதாரத்தில் இடப்பக்கமும் குடியேற்றம், தேசம் போன்றவற்றில் வலப்பக்கமும் சாய்ந்த வாக்காளர் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் இருந்தார்கள். 2019இல் போரிஸ் ஜான்சன் அவர்களைக் குறிவைத்தார். பிரெக்ஸிட்டை முடிப்பேன் என்பது ஒரு கை. மறு கையில் 20,000 போலீசார், கூடுதலாக 50,000 செவிலியர், 19 சதவீதத்திலிருந்து 17ஆகக் குறையவிருந்த நிறுவன வரியை நிறுத்தி வைப்பது. கன்சர்வேடிவ் தலைவர் ஒருவர் நிறுவன வரிக் குறைப்பை ரத்து செய்துகொண்டு தேர்தலுக்குப் போனார் என்றால் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார் பாருங்கள். தொழிலாளர் கட்சிக் கோட்டையான போல்சோவர் விழுந்தது, பிளேரின் செட்ஜ்ஃபீல்டே விழுந்தது.

ஸ்டார்மர் 2020இல் பத்து வாக்குறுதியோடு கட்சித் தேர்தலில் நின்றார். மேல்தட்டினருக்கு வரி, ரயில், தபால், மின்சாரம், தண்ணீர் பொதுவுடைமை, பல்கலைக்கழகக் கட்டணம் ரத்து. கோர்பினை நேசித்த உறுப்பினர்களுக்கான பட்டியல். ஜெயித்த பிறகு ரயிலைத் தவிரப் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 2021 மாநாட்டில், தலைமைக்குப் போட்டியிட 20 சதவீத எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்று விதியை மாற்றினார். இன்னொரு கோர்பின் உள்ளே வர வழியில்லை. கோர்பினையே வேட்பாளராக நிறுத்தவில்லை. மாற்றம் பிடிக்காதவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்றும் சொன்னார். ஆண்டுக்கு 2,800 கோடி பவுண்டு பசுமை முதலீடு என்ற திட்டம் 2024 பிப்ரவரியில் போனது. வருமான வரி, தேசியக் காப்பீடு, மதிப்புக்கூட்டு வரி மூன்றையும் ஏற்ற மாட்டோம் என்று அறிக்கையில் எழுதினார்கள்.

இங்கேதான் 1997இன் பாடத்தை அளவுக்கு மீறிப் படித்துவிட்டார்கள். பிரவுன் பூட்டிய கதவுக்குப் பின்னால் வளரும் பொருளாதாரம் இருந்தது. 2024இல் அப்படி எதுவும் இல்லை. அரசின் வரி வருவாயில் பாதிக்கு மேல் தரும் மூன்று வரிகளைக் கைகட்டி வைத்துவிட்டு வந்ததால், ஓய்வூதியரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைச் சுமார் ஒரு கோடி பேருக்கு வெட்டினார்கள். அக்டோபர் பட்ஜெட்டில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டை 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக்கி, அது தொழிலாளிக்கான வரியல்ல என்று வாதாடினார்கள். எரிபொருள் வெட்டை 2025 ஜூனில் பெரும்பாலும் திரும்பப் பெற்றார்கள். கெட்ட பெயரைத் திரும்பப் பெற முடியவில்லை.

2024 வெற்றியே கூட நகர்வால் மட்டும் வந்ததல்ல. கட்சியின் வாக்கு விகிதம் 32.1இலிருந்து 33.7 ஆனது, அவ்வளவுதான். கன்சர்வேடிவ் விகிதம் கிட்டத்தட்ட 20 புள்ளி சரிந்தது, அதில் பெரும் பங்கு அதற்கும் வலப்பக்கத்தில் நிற்கும் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. நகர்வு செய்த உதவி, பயத்தைப் போக்கியதுதான்: கன்சர்வேடிவை விட்டு எங்கே போனாலும் ஆபத்தில்லை என்று தோன்ற வைத்தது. இடப்பக்கக் கசிவும் இந்த முறை கோட்டைக்குள்ளேயே இடத்தைத் தின்றது. பிரிஸ்டல் சென்ட்ரல் பசுமைக் கட்சிக்கும், லெஸ்டர் சவுத் காஸாப் பிரச்சினையை முன்வைத்த சுயேச்சைக்கும், இஸ்லிங்டன் நார்த் கோர்பினுக்கும் போயின. இல்ஃபோர்ட் நார்த்தில் கட்சியின் முன்வரிசைத் தலைவர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 வாக்கில் தப்பினார். ஸ்டார்மரின் சொந்தத் தொகுதியில் அவர் வாக்கு ஏறக்குறையப் பாதியானது.

ஒரு மாறிய வாக்குக்கு இரண்டின் எடை என்ற கணக்கு, எதிரே ஒரே ஒரு போட்டியாளர் இருக்கும்வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். 2025 மே 1 அன்று ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி தொகுதியில் இடைத்தேர்தல். பத்து மாதம் முன்பு தொழிலாளர் கட்சி 14,696 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த இடம். ரிஃபார்ம் கட்சி 6 வாக்கில் பிடித்தது. ஆறு. பசுமைக் கட்சி அங்கே வாங்கியது 2,000க்கு மேல், கன்சர்வேடிவ் வாங்கியதும் 2,000க்கு மேல். பதினொரு நாள் கழித்து ஸ்டார்மர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அறிக்கையை வெளியிட்டு, நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் அபாயம் இருக்கிறது என்று பேசினார். ஜூன் முடிவதற்குள் அப்படிப் பேசியதற்கு வருந்துவதாகவும் சொன்னார்.